ச்சீ என்று சொல்ல ஓர் ஆள்

கோடை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை காலையில் தேன்பாறைப் பூங்காவின் புல்வெளியைப் போய்ப் பார்க்க வேண்டும். மனுஷ ஜாதி மேலேயே வெறுப்பு வந்துவிடும். மலையேறி வந்து, மேகத்தைப் பார்த்து 'ஆகா' என்று வாயைப் பிளந்து, அந்த வாயாலேயே பிரியாணி தின்று, எலும்பைப் புல்லில் துப்பிவிட்டுப் போவார்கள். குழந்தையின் டயாப்பரைக் கழற்றிச் செடிப் புதருக்குள் செருகுவார்கள். செருகிவிட்டு இலையை இழுத்து மூடியும் விடுவார்கள், அதில் ஒரு நாகரிகம்! பாதி குடித்த பாட்டிலுக்குள் சிகரெட் துண்டு, அதற்கு மேல் எச்சில். பெஞ்சுக்கு அடியில் தலை வாரிச் சுருட்டிப் போட்ட மயிர். இன்னும் சிலதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது.

இதையெல்லாம் வைத்துச் சிலை செய்வதுதான் பூங்கோதையின் வேலை.

ஒரு காலத்தில் அவள் பூவில் செய்துகொண்டிருந்தாள். ஆண்டுதோறும் மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கம்பிக்கூடு கட்டி, கூட்டின் மேல் கோழிவலை சுற்றி, வலையின் கண்களில் பூவைச் செருகி யானை, மயில், கப்பல் என்று நிறுத்துவாள். ஊரே வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும். பிறகு மலையிலும் வெயில் ஏறிப்போய், காலையில் செருகிய பூ மத்தியானத்துக்குள் கருக ஆரம்பித்தது. இரண்டு வருஷம் கருகிய யானையைப் பார்த்துவிட்டு ஜனங்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போதுதான் ஓர் அறக்கட்டளை கண்காட்சியைக் கையில் எடுத்தது. பூங்காவில் எது தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதோ அதை வைத்தே சிலை செய்வோம் என்றார்கள். தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூங்கோதை முறைப்படிதான் செய்தாள். கொண்டுவந்து கொட்டும் குப்பைக்கு மூணு தண்ணி என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். முதல் தண்ணியில் சோடா, இரண்டாவதில் சோப்பு, மூன்றாவது வெறும் தண்ணீர். அப்புறம் வெயிலில் காய வேண்டும். காய்ந்த பிறகுதான் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே வரலாம். அப்படியும் தினம் ஒரு தடவையாவது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். சமவெளிக்காரர்களோ மலைக்காரர்களோ, யாராயிருந்தாலும் வயிறு ஒன்றுதானே. பொறுக்குகிற ஆட்கள் வாரத்துக்கு ஒருத்தராய் நின்றுபோனார்கள்.

வீட்டுக்குப் போனாலாவது நிம்மதி உண்டா? அங்கே அம்மா ருக்குமணி படுத்த படுக்கை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கிள்ளினாலும் தெரியாது. வாயும் கோணிப்போய் ஒன்றிரண்டு சொல்தான் வரும். பீயும் மூத்திரமும் படுக்கையில்தான். பகலெல்லாம் ஊரார் அசிங்கம், சாயங்காலம் அம்மாவுடையது. பெற்ற தாய்தான் என்றாலும் பூங்கோதை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் துணியை மாற்றுவாள், மாற்றிவிட்டு ஓடிப்போய்க் கிணற்றடியில் ஓங்கரிப்பாள்.

தம்பி நவநீதனும் பூங்காவில்தான் வேலை. பொறுக்குகிற ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. ஆள் வாட்டசாட்டம், வயிறு மட்டும் கோழிக்குஞ்சு வயிறு. பல்லி எச்சம் பட்ட சட்டையைத் துவைத்துக் கொடுத்தாலும் திரும்பப் போடமாட்டான். அம்மாவுக்குச் சோறு ஊட்டுவான், கதை சொல்வான், கால் பிடித்துவிடுவான். துணி மாற்றுகிற நேரம் வந்தால் மட்டும் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்வான்.

"டேய், பெத்தவடா அவ. உனக்கு எத்தனை தடவை கழுவி விட்டிருப்பா?" என்று கத்துவாள் பூங்கோதை.

"தெரியுதுக்கா. மனசு வருது, இந்த வயிறு வரமாட்டேங்குதே. நான் என்ன பண்ணட்டும்?" என்பான் அவன். கண்ணில் தண்ணீர் நிற்கும். அவன் பொய் சொல்லவில்லை.

அந்த வருஷக் கண்காட்சிக்கு அறக்கட்டளையின் டைரக்டர் இளம்பரிதி ஒரு பெரிய வரையாடு வேண்டும் என்றார். மூன்று ஆள் உயரம். பொறுக்க ஆளே இல்லை என்று பூங்கோதை கையை விரித்தாள். அடுத்த நாள் காலையில் அவர் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்து இறங்கினார். மூக்கில் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து.

"மேடம், மூளைக்குள்ள ஒரு இடம் இருக்கு. அழுகினது, ஊசினது, நாறினது எதைப் பார்த்தாலும் 'ச்சீ'ன்னு சொல்றது அதுதான். ஆதிகாலத்துல கெட்டுப்போன கறியைத் தின்னு செத்துடாம இருக்க அது தேவைப்பட்டுச்சு. இப்பதான் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் இருக்கே! அந்த இடத்தை மட்டும் இது தூங்க வெச்சுடும்."

"அப்ப நாத்தமே தெரியாதுங்களா?"

"நல்லாத் தெரியும். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிங்க. காதுல விழும், ஆனா அதுபாட்டுக்கு அது பாடிட்டு இருக்கும், நீங்கபாட்டுக்கு உங்க வேலையைப் பார்ப்பீங்க."

"கெடுதல் ஒண்ணும் வராதே?"

"நானே போட்டுக்கிட்டுத்தான் உங்ககூடப் பேசிட்டு இருக்கேன்" என்று சொல்லி இளம்பரிதி மூக்கைப் புறங்கையால் துடைத்து, அதே கையைக் குலுக்க நீட்டினார். பூங்கோதை கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பாட்டிலை வாங்கித் தம்பியின் கையில் வைத்தது அவள்தான். இதைச் சொல்லியாக வேண்டும். "நீ போட்டுக்கடா. உனக்குத்தான் இது வேணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் நவநீதன் தெருமுனைக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அம்மாவைத் திருப்பிப் போட்டு, துடைத்து, துணி மாற்றி, பவுடர் பூசி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டான். பாட்டு வேறு முணுமுணுத்தான். அம்மா நல்ல கையால் அவன் கன்னத்தைத் தடவினாள். பூங்கோதை அடுப்படியில் நின்று அழுதாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சூடாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதைப் பார்த்த பிறகு அவள் எத்தனை நாளைக்குப் பிடிவாதமாக இருப்பாள்? அவளும் போட்டுக்கொண்டாள்.

எவ்வளவு சுகம்! வயிறு கம்மென்று கிடந்தது. டயாப்பர் டயாப்பராகத் தெரிந்தது, வெள்ளையாக, உப்பலாக, வரையாட்டின் அடிவயிற்று ரோமத்துக்கு ஏற்ற சாமானாக. எச்சில் படிந்த பாட்டில் வெளிச்சத்தில் மினுங்கியது. ஆட்கள் நிற்காமல் வந்தார்கள். சிரித்துக்கொண்டே பொறுக்கினார்கள், பொறுக்கிய கையோடு பொட்டலத்தைப் பிரித்து வடை தின்றார்கள். கர்மம்! எழுதுகிற எனக்குக் குமட்டுகிறது, அவர்களுக்குக் குமட்டவில்லை.

மூணு தண்ணியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுபாட்டுக்கு நின்றது. முதலில் மூன்றாவது தண்ணி போனது, சோப்பு போட்டது போதாதா என்று தோன்றியது. அப்புறம் சோப்பு போனது. ஒரு நாள் கொண்டுவந்ததை அப்படியே வலையில் செருகினார்கள். பூங்கோதை பார்த்துக்கொண்டுதான் நின்றாள். இளம்பரிதிக்கு ஒரே குஷி. "கழுவின குப்பை பொய் மேடம். இப்பத்தான் இதுல உண்மை இருக்கு. உயிர் இருக்கு" என்றார். உயிர் இருந்தது உண்மைதான். வெள்ளையாக, சின்னதாக, வரையாட்டின் வயிற்றுக்குள் நெளிந்துகொண்டிருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். முதல் வாரம் போலவே நவநீதன் அம்மாவுக்குத் துணி மாற்றினான். அப்புறம் ஒரு வேளை தள்ளிப்போனது. பிறகு ஒரு நாள் தள்ளிப்போனது. பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முன்னைவிட அதிகமாகத்தான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு பேரும். நாற்றம்தான் மனுஷனை எழுப்பி வேலை வாங்குகிறது. அது வாயை மூடிக்கொண்டால் எந்த வேலையும் நாளைக்கு ஆகிவிடுகிறது. ஈரத்துணி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான், அதில் அவசரம் என்ன?

"நா...த்தம்" என்றாள் அம்மா ஒரு காலை. கோணிய வாயிலிருந்து அந்தச் சொல் வர அவ்வளவு நேரம் ஆயிற்று.

"மாத்தறேம்மா" என்றாள் பூங்கோதை. சொன்னதை மறக்கவும் இல்லை. செய்யலாம் என்று இருந்தாள், அதற்குள் பூங்காவிலிருந்து போன் வந்தது, போய்விட்டாள். "நாத்தம், நாத்தம்" என்று அம்மா நாலைந்து நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது போலிருக்கிறது என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள்.

கண்காட்சி தொடங்கியது. வாசலில் வளைவு கட்டி, அதிலிருந்து பனி மாதிரி ஒரு தூவல் வருகிறாற்போல் வைத்திருந்தார்கள். மலைக் குளிர்ச்சிக்கு என்று ஜனங்கள் முகத்தை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பனியாவது மண்ணாவது! அதே சொட்டு மருந்துதான். கூட்டம் நினைத்ததைவிட அதிகமாகிப் போகவே, ஆட்களுக்குத் தருகிற பாட்டிலை நிறுத்தி எல்லாவற்றையும் வாசலுக்கே ஊற்றச் சொல்லிவிட்டார் இளம்பரிதி. பூங்கோதையின் பாட்டில் காலியானது. வாசல் வளைவு வழியாக அவள் வருவதும் இல்லை, பூங்காவின் பின்பக்கத்தில் இருந்த தன் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து சின்ன கேட் வழியாக நேரே சிலைக்கு வந்துவிடுவாள். இதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். வரையாட்டின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். தொண்டைக்குள் என்னவோ ஏறி வந்தது. என்னவென்று முதலில் அவளுக்கே பிடிபடவில்லை. காலையில் தின்ற இட்லி ஒத்துக்கொள்ளவில்லையோ என்றுகூட யோசித்தாள். அதற்குள் காற்று திரும்பியது. ஐயோ, அந்த நாற்றம்! மூக்கில் அறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தன் கையால் செய்த ஆட்டைப் பல நாளைக்கு அப்புறம் அப்போதுதான் பார்த்தாள். அடிவயிற்றில் டயாப்பர்கள் வெயிலில் ஊறி மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தன. தாடியாகத் தொங்கிய மயிர்ச்சுருளில் ஈ அப்பிக் கிடந்தது. விலாவில் சிப்ஸ் கவர்களுக்கு நடுவே கோழியெலும்பும் பழந்தோலும் குழைந்து, அதற்குள் புழு கொதித்தது. பூங்கோதை ஆட்டின் முன்னங்காலைப் பிடிக்கப் போய், பிசுபிசுப்பு பட்டவுடன் கையை உதறிவிட்டு, குனிந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலைக்குக் கீழே ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக் குழந்தை, மூன்று வயது இருக்கும், எட்டின இடத்திலிருந்து எவனோ சப்பிப் போட்ட குச்சி மிட்டாயைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது. தாய்க்காரி அதைப் போட்டோ எடுத்தாள்!

பூங்கோதை பாய்ந்து மிட்டாயைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தை வீறிட்டது.

"என்னங்க நீங்க, குழந்தைகிட்ட இப்படியா நடந்துக்கறது?" என்றாள் தாய்.

"புழு நெளியுதுங்க அதுல. உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதே. குட்டிக் குட்டியா. அதுக்கு என்ன இப்ப?" அவள் குரலில் நிஜமான ஆச்சரியம். புருஷன்காரன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம். இந்தாங்க, எங்க பங்கு" என்று மிச்சச் சோற்றோடு தட்டை ஆட்டின் மேல் விட்டெறிந்தான். அது ஒட்டிக்கொண்டு வழிந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது விளையாட்டாகப் பட்டது. ஆளுக்கொன்றாக எறிய ஆரம்பித்தார்கள். புல்வெளி முழுக்கக் குப்பை மண்டிக் கிடந்ததை அப்போதுதான் அவள் கண்டாள். வாசல் வளைவு வழியாகவே வந்துபோகும் பொறுக்குகிற ஆட்கள் அதன் நடுவில் மல்லாந்து படுத்துத் தூங்கினார்கள். சிலை முடிந்ததிலிருந்து அவர்களும் பொறுக்கவே இல்லை. குப்பை உறுத்தாதபோது யார்தான் குனிந்து எடுப்பார்கள்?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா!

குவார்ட்டர்ஸுக்கு ஓடினாள். கதவைத் திறந்த உடனேயே நாற்றம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. பூங்காவில் அடித்த நாற்றம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நவநீதன் கட்டிலில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டை விரிப்பின் மேலேயே வைத்திருந்தான். விரிப்பின் நிறத்தை நான் சொல்லப்போவதில்லை.

"வாக்கா. சீக்கிரம் வந்துட்ட?"

பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைத் திருப்பினாள். இடுப்புக்குக் கீழே, உணர்ச்சியில்லாத இடது பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதையே இல்லை. கறுப்பாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் ஆட்டின் வயிற்றில் பார்த்த அதே வெள்ளை நெளிவு.

"டேய்... டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"ஏன்க்கா? புண்ணா? கொஞ்ச நாளா இருக்கு. நல்லாத்தானே படுத்திருக்கா."

"அம்மா கத்தலையாடா? ஒண்ணுமே சொல்லலையா?"

"முன்னெல்லாம் நாத்தம் நாத்தம்னு ஒரே அழுகை. பார்க்கவே பாவமா இருந்துச்சு. அதான் அவளுக்கும் ரெண்டு சொட்டு விட்டேன். அப்புறம் சத்தமே இல்ல." அவன் அம்மாவின் தலையைப் பிரியமாகக் கோதிவிட்டான். "பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்கா."

அம்மா மகளைப் பார்த்துச் சிரித்தாள். கோணலாக, அமைதியாக.

அவனை அறைய ஓங்கிய கை அப்படியே நின்றது. எந்த முகத்தோடு அறைவது? அன்று காலையில் இதே கட்டிலில் உட்கார்ந்து அம்மாவுக்குக் காபி ஊட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போயிருந்தாள். இதே நாற்றத்தில். ஒரு வாய் அவளும் குடித்தாள்.

அவள் ஓங்கரிப்பதைப் பார்த்துவிட்டு நவநீதன் ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். "தீர்ந்துபோச்சா உனக்கு? இந்தா, இதுல கொஞ்சம் இருக்கு. விட்டுக்க, எல்லாம் சரியாயிடும்."

பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் அவளுக்கு அது வேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு சொட்டு விட்டுக்கொண்டால் போதும். புண் வெறும் புண்ணாகிவிடும், அம்மா நிம்மதியாகப் படுத்திருக்கிறவளாகிவிடுவாள், தான் காபி ஊட்டியது ஒரு சாதாரணக் காலையாகிவிடும். பாட்டிலை வாங்கினாள். வாங்கி, சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

தேன்பாறையில் இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. அம்மாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் சின்ன வயசு, நல்ல முகம். மிக்சர் தின்றுகொண்டிருந்தவர் பொட்டலத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வந்தார். கையுறை போடவில்லை. மிக்சர் எண்ணெய் மினுங்கும் விரலால் புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார்.

"படுக்கைப் புண்ணும்மா. புழு வெச்சிருக்கு. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, பார்த்துக்கலாம்."

அவர் குரல் அவ்வளவு இதமாக இருந்தது. பூங்கோதை சுற்றிப் பார்த்தாள். தட்டில் முந்தின நோயாளியின் சீழ் பிடித்த பஞ்சும் புதுப் பஞ்சும் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் கழுவாத பேசின். அதைத் தாண்டித் தாண்டி எல்லோரும் சாந்தமாக நடமாடினார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை.

"டாக்டர், நீங்களும் அந்தச் சொட்டு..."

"எங்களுக்குத்தாம்மா அது வரப்பிரசாதம். முன்னெல்லாம் இந்த வார்டுல நின்னு ஒரு வாய் டீ குடிக்க முடியுமா? இப்ப பாருங்க" என்றார் டாக்டர். விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

பூங்கோதை கணக்குப் போட்டுப் பார்த்தாள். கீழே பெரிய ஊருக்கு இறங்க மலைப்பாதையில் பாதி நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வண்டி நகராது. இங்கே விட்டால் இந்தக் கைகள் அம்மாவைக் கொன்றுவிடும். சிரித்துக்கொண்டே, அன்பாகக் கொன்றுவிடும்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தாள். ஸ்ட்ரெச்சரைக் கடக்கும்போது புண் கண்ணில் பட்டது. தட்டைத் தடாலென்று கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, வராந்தாவுக்கு ஓடினாள். வெளியே அவள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. பூங்கோதை எழுந்து அந்தச் சத்தத்தைத் தேடி ஓடினாள்.

நர்ஸ் தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். சட்டையில் நஸ்ரின் என்று பெயர் இருந்தது. பூங்கோதையைக் கண்டதும் அவமானத்தில் முகம் சிவந்துபோனது.

"மன்னிச்சுக்குங்கக்கா. உங்க அம்மாங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மூணாவது மாசம், அந்தச் சொட்டு போட்டுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதான் எதைப் பார்த்தாலும் இப்படி ஆயிடுது. இருங்க, உள்ள வேற சிஸ்டர் இருக்காங்க, வரச் சொல்றேன். அவங்க கொஞ்சங்கூட முகஞ்சுளிக்க மாட்டாங்க."

"அவங்க வேண்டாங்க" என்று பூங்கோதை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்களே வாங்கம்மா. வாந்தி வந்தா எடுங்க, நான் வாளி புடிச்சுக்கறேன்."